இடுப்பில் ஒரு கருப்புப் பொருக்கு

அட்டை என்றால் எனக்கு உயிர் போய்விடும். கோத்தகிரிப் பக்கம் தேயிலை ஃபேக்டரியில் இருபது வருஷமாக வேலை பார்க்கிறேன். மழை நாளில் தோட்டத்துக்குள் கால் வைக்கச் சொன்னால் மட்டும் எனக்கு எங்கிருந்தாவது ஒரு அவசர வேலை வந்துவிடும். கொழுந்து பறிக்கும் என் மனைவி இதைச் சொல்லியே லயத்து வீடுகளில் எல்லோரையும் சிரிக்க வைப்பாள். அவள் காலில் புகையிலைத் தண்ணீரைத் தேய்த்துக்கொண்டு சாதாரணமாக இறங்குவாள். அட்டை பாவம், வயிறு நிறைந்தால் தானே விழுந்துவிடும் என்று அதற்குப் பரிந்து வேறு பேசுவாள்.

போன மழைக்காலத்தில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. கொழுந்து பறிக்கிறவர்கள் சேலை நனையாமல் இருக்க இடுப்பில் படங்கு என்கிற கனமான தார்ப்பாய்த் துண்டைச் சுற்றிக் கயிற்றால் இறுக்கிக் கட்டுவார்கள். கயிறு உரசிப் புண்ணாவது அங்கே எல்லோருக்கும் உள்ளதுதான். அவள் இடுப்பிலும் மிளகளவு ஒரு கருப்புப் பொருக்கு இருந்தது. தினமும் சாயங்காலம் நான்தான் அதில் தேங்காய் எண்ணெய் தடவினேன். வலிக்கவில்லை என்றாள். கயிற்றுப் புண் என்றால் வலிக்குமே என்று என் மண்டையில் உறைக்கவில்லை.

காய்ச்சல் மாத்திரைக்கு அடங்கவில்லை. ஐந்தாம் நாள் அவளுக்குப் பேச்சே குழறியது. ஜீப் பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். உடம்பில் எங்காவது சிகரெட் சுட்ட மாதிரி கருப்பாக இருக்கிறதா என்று டாக்டரம்மா கேட்டார். முந்திரிக்கொட்டை மாதிரி நான் முந்திக்கொண்டு, அப்படி எதுவும் கிடையாது, அட்டைகூட இவளிடம் வாலாட்டாது என்றேன். பெருமை வேறு! நர்ஸ் என் பேச்சைக் காதில் வாங்காமல் திரையை இழுத்துவிட்டுப் பார்த்தார்.

"இதென்னங்கண்ணா?"

"அது படங்குக் கயிறு அறுத்ததுங்க."

"கயிறு இல்லைங்க, பூச்சி கடிச்சது. உண்ணிக் காய்ச்சல்."

புதரிலும் எலி உடம்பிலும் இருக்கிற சின்னஞ்சிறு உண்ணியாம். அதன் குஞ்சுதான் கடிக்கும், அதுவும் ஒரே ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு. கிருமி தாயிடமிருந்து முட்டை வழியாகவே வந்துவிடுமாம், பிறக்கும்போதே சீதனத்தோடு பிறக்கிற ஜென்மம். உடம்பில் துணி இறுக்குகிற இடமாகப் பார்த்து உட்காரும் என்றும் டாக்டரம்மா சொன்னார். இன்னும் இரண்டு நாள் விட்டிருந்தால் என்று ஆரம்பித்து, என் முகத்தைப் பார்த்து நிறுத்திவிட்டார்.

மருந்து ஏறி மூன்றாம் நாள் காய்ச்சல் இறங்கியது. எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்தாள். டாக்டரம்மா கேட்டபோது நான் சொன்ன பதிலை நர்ஸ் அவளிடம் போட்டுக்கொடுத்திருந்தார்.

"ஏனுங்க, அஞ்சு நாளா எண்ணெய் வச்சது யாருங்க?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. தினமும் தொட்டுத் தடவிவிட்டு, டாக்டரம்மா கேட்டபோது இல்லை என்று சொல்லி, இவளை நானே கொன்றிருப்பேன். கஞ்சி டம்ளரை அவள் கையிலிருந்து வாங்கும்போது அழுதுவிட்டேன். வார்டு முழுக்கப் பார்த்தது.