சம்பந்தியின் மடியில் கால்

டிரில் மாஸ்டர் வீட்டுக்குள்ளேயே காலுறை போட ஆரம்பித்தபோது, குளிருகிறது என்று சொல்லி மகளின் வாயை அடைத்துவிட்டார். அவர் மறைத்தது கால் நகங்களை.

பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்த காலமெல்லாம் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி, கையை நீட்டச் சொல்லி நகம் பார்த்தவர். அழுக்கு நகத்தோடு வந்தவனை மைதானத்தைச் சுற்றி ஓடவிட்டவர். இப்போது இடுப்பு மடங்க மறுத்தது. முழங்காலுக்குக் கீழே இருந்ததெல்லாம் வெளியூர் மாதிரி ஆகிவிட்டது. பெருவிரல் நகம் வளைந்து சதைக்குள் இறங்கிவிட்டதால் பூங்காவுக்கு நடக்கப் போவதையும் நிறுத்திவிட்டார். மகளிடம் சொல்லலாம். ஆனால் விடிந்ததும் சமைத்துவைத்துவிட்டு வேலைக்கு ஓடி, இருட்டியபின் வந்து உட்காருகிறவளிடம் காலை நீட்ட அவருக்கு மனசு வரவில்லை.

அதே அறையில் இன்னொரு கட்டிலில் படுப்பவர் சம்பந்தி. மாப்பிள்ளையின் அப்பா, பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர், மனைவி போனபின் மகன் வீட்டோடு வந்து சேர்ந்தவர். இருவருக்கும் சண்டை கிடையாது, ஒட்டுதலும் கிடையாது. "சாப்பிட்டீங்களா சம்பந்தி?" "ஆச்சு சம்பந்தி" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். பின்னந்தலையில் சிக்கும், முகத்தில் தாடியும், கசங்கிய சட்டையுமாகத் திரியும் அவரைச் சோம்பேறி என்று மாஸ்டர் மனசுக்குள் முத்திரை குத்திவைத்திருந்தார்.

ஒரு பகலில் சம்பந்தி குளிக்கப் போன நேரம் பார்த்து, மாஸ்டர் நாற்காலி நுனியில் உட்கார்ந்து காலைக் கட்டில்மேல் தூக்கிவைத்து, நகவெட்டியோடு முன்னால் சாய்ந்தார். நாற்காலி வழுக்கியது. கண்டக்டர் திரும்பி வந்தபோது, மாஸ்டர் ஒற்றைக் காலுறையோடு தரையில் கிடந்தார்.

"விழுந்துட்டீங்களா சம்பந்தி?"

"இல்ல, சும்மா உடற்பயிற்சி."

கண்டக்டர் அந்தக் காலைப் பார்த்தார். சிரிக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து காலை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

"ஐயோ, விடுங்க. நீங்க மாப்பிள்ளையோட அப்பா."

"நகத்துக்கு அந்த உறவெல்லாம் தெரியாது. ஆடாம இருங்க."

நகம் கெட்டியாக இருந்ததால், ஊறவைக்க ஒரு வாளியில் வெந்நீர் கொண்டுவந்தார். இடது கையாலேயே தூக்கி வந்தார். வலது கை விலாவோடு ஒட்டிக் கிடந்தது.

"கைக்கு என்ன?"

"தோளுக்கு மேல ஏறாது. தலைக்கு ஊத்திக்கிறதே பெரும்பாடு. சீப்பு காதோட நின்னுடுது. சட்டையோட மல்லுக்கட்ட முடியாம, போட்டதோட படுத்துடறேன்."

"மகன்கிட்ட சொல்லலையா?"

"நீங்க மகள்கிட்ட சொன்னீங்களா?"

ஒரே அறையில் இத்தனை நாள் இருந்தும், ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லையே என்று மாஸ்டர் கூசிப்போனார். நகம் வெட்டி முடிந்ததும் கண்டக்டரைக் குளியலறையில் முக்காலி போட்டு உட்காரவைத்தார். தலையில் நுரை பொங்கத் தேய்த்துவிட்டு, "கண்ணை மூடுங்க" என்றார். மைதானத்துக் குரல் தானாக வந்துவிட்டது. கண்டக்டர் சட்டென்று கண்ணை மூடிக்கொண்டார்.

அன்று சாயங்காலம் மாமனாரின் தலை படிய வாரியிருந்ததைப் பார்த்து மகள் துருவித் துருவிக் கேட்டாள். விஷயம் தெரிந்ததும் அப்பாவின் காலுறையைக் கழற்றிப் பார்த்தாள்.

"என்கிட்ட சொல்லியிருக்கலாமேப்பா."

"சொல்லியிருக்கலாம்தான்" என்றார் மாஸ்டர்.

மறுநாள் இருவரையும் டாக்டரிடம் கூட்டிப் போனாள். விரல் புண் ஆறியது. தோள் கொஞ்சம் இளகியது, முழுக்க ஏறவில்லை. நகமும் தலையும் அவர்கள் இருவரின் பொறுப்பாகவே நின்றுவிட்டன.

மாஸ்டர் மறுபடி பூங்காவுக்குப் போனார். பெஞ்சில் ஓய்வுபெற்ற தபால்காரர் உட்கார்ந்திருந்தார், சட்டைப் பொத்தான்கள் ஒன்றுக்கொன்று மாறிக் கோணலாக. முன்பென்றால் மாஸ்டர் கிண்டல் செய்திருப்பார்.

"பொத்தான் போட கஷ்டமா இருக்கா?" என்று தாழ்ந்த குரலில் கேட்டார்.

தபால்காரர் சுற்றுமுற்றும் பார்த்தார். "விரலெல்லாம் மரத்துப்போகுது. எல்லாருக்கும் தெரியுதா?"

"எனக்குத்தான் தெரிஞ்சுது" என்றபடி நெருங்கி உட்கார்ந்து, மாஸ்டர் அவர் சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றினார்.