கோளாறு என் காதில் இல்லை

ஒரு டிவியால் என் வேலை போகப் பார்த்தது. சொன்னால் சிரிப்பார்கள். அன்றைக்கு எனக்குச் சிரிப்பு வரவில்லை, கோபம்தான் பொத்துக்கொண்டு வந்தது.

ஓசூரில் வண்டிகளுக்கு உதிரிபாகம் செய்கிற கம்பெனியில், தகட்டை அச்சில் அழுத்தி வெட்டுகிற பிரஸ் ஷாப்பில் இன்ஸ்பெக்‌ஷன் பார்க்கிறேன். பத்தொன்பது வருஷம். மெஷின் அடித்துத் தள்ளும் பாகங்களை எடுத்து அளவு பார்க்க வேண்டும், தேறாததைச் சிவப்புப் பெட்டியில் போட வேண்டும். காதில் அடைப்பான் போட்டிருந்தாலும் மெஷின் அடிக்கிற சத்தம் லேசாக மாறினால் எனக்குத் தெரிந்துவிடும், அச்சு எங்கேயோ தேய்ந்துவிட்டது என்று. நான் கையைத் தூக்கினால் ஆபரேட்டர் மெஷினை நிறுத்துவான். ஏன் எதற்கு என்று கேட்க மாட்டான். எனக்கு இந்த உலகத்தில் கிடைத்த மரியாதை அது ஒன்றுதான்.

கிறிஸ்துமஸுக்கு மகன் ஒரு சவுண்ட்பார் வாங்கி வந்தான். தினமும் பெங்களூருக்கு வேலைக்குப் போய் வருகிறவன். எங்கள் பழைய டிவியைச் சுவரில் மாட்டி, அதன் ஹெட்போன் ஓட்டையில் ஒயரைச் சொருகி, கீழே சவுண்ட்பாரை வைத்து, எல்லாம் அவனே செய்தான். பாட்டு வந்தால் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. ஆனால் படத்தில் யாராவது பேசினால் கிணற்றுக்குள் இருந்து பேசுவது போல இருந்தது, ஒரு வார்த்தை விளங்கவில்லை. நான் சத்தத்தைக் கூட்டுவேன். உடனே ஒரு பாட்டு வந்து வீடே குதிக்கும். மகன் ரிமோட்டைப் பிடுங்கிக்கொள்வான்.

"செவுடாயிட்டியாம்மா?"

முதலில் விளையாட்டாகச் சொன்னான். ஒரே மாதத்தில் அது தீர்ப்பாகிவிட்டது.

"பத்தொம்பது வருசமா பிரஸ் பக்கத்துல நின்னா காது போவாம என்னா பண்ணும்? பேப்பர் போட்டுட்டு வூட்ல இரும்மா."

வீட்டுக்காரர் பர்கூரிலிருந்து கிரானைட் கல் ஏற்றும் லாரி ஓட்டுகிறவர். "அவன் சொல்றதுலயும் நாயம் இருக்குது" என்றார். அவர் டிவியில் கவனமாகப் பார்ப்பது கிரிக்கெட் மட்டும்தான். ரன் எவ்வளவு என்று திரையிலேயே எழுதியிருக்கும், அதற்குக் காது எதற்கு?

போனில் பேசுவது கேட்கிறது, மாதா கோயிலில் சாமியார் மைக்கை விட்டுத் தள்ளி நின்று பிரசங்கம் வைத்தாலும் கேட்கிறது என்று சொல்லிப் பார்த்தேன். எடுபடவில்லை. கம்பெனியில் வருஷா வருஷம் காது பரிசோதனை உண்டு. போன தடவை இடது காது மெல்லிய கீச்சுச் சத்தத்துக்குக் கொஞ்சம் மந்தம், வேலைக்கு ஒன்றும் குறைவில்லை என்றார் டாக்டர். அதை அப்படியே வீட்டில் வந்து சொன்னவள் நான்தான். மந்தம் என்ற வார்த்தையை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள்.

மறைக்காமல் சொல்கிறேன், நானும் பயந்துவிட்டேன். ஒரு நாள் மெஷின் சத்தம் மாறியது போல இருந்தது. கையைத் தூக்கப் போனவள் தூக்காமல் நின்றேன். நிஜமாக மாறியதா, என் காதின் கோளாறா? அந்த அரை நிமிஷம் நான் பட்ட வேதனையை யாரிடமும் சொல்லவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தால், மேஜைமேல் என் ராஜினாமா கடிதம். மகன் டைப் அடித்துப் பிரிண்ட் எடுத்து வைத்திருக்கிறான். "திங்கக்கெழம குடுத்துடும்மா. கையெழுத்துதான் பாக்கி."

கடிதத்தை அங்கேயே விட்டுவிட்டுச் சாப்பாடு எடுத்து வைத்தேன். சாப்பிட்டுவிட்டு எல்லோரும் படம் பார்க்க உட்கார்ந்தார்கள். தமிழ்ப் படம்தான். மருமகள் சிரித்தாள். அவள் வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள். இப்போது ஐந்து மாதம் முழுகாமல் இருக்கிறாள், செல்போன் பாகம் செய்கிற கம்பெனியில் வேலை. எதற்குச் சிரிக்கிறாள் என்று திரும்பினேன். அவள் கண் படத்தில் பேசுகிறவர்களின் முகத்தில் இல்லை, திரையின் அடியில் இருந்தது. மகனின் கண்ணும் அங்கேதான். அடியில் இங்கிலீஷ் எழுத்து ஓடிக்கொண்டிருந்தது. எந்த மொழிப் படமானாலும் எங்கள் வீட்டில் அது ஓடும். நான் எழுத்துக்கூட்டி முடிப்பதற்குள் அடுத்த வரி வந்துவிடும் என்பதால் நான் அதைப் பார்ப்பதே இல்லை.

எழுந்துபோய்க் காலண்டர் அட்டையைக் கழற்றி, திரையின் அடியில் பேக்கிங் டேப் போட்டு ஒட்டினேன்.

"என்னாம்மா பண்ற?"

"ரெண்டு நிமிசம் பாரு."

இரண்டு நிமிஷம் ஓடவிட்டு நிறுத்தினேன். "இப்ப அந்த அம்மா அவன்கிட்ட என்னா சொன்னா?"

மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"வாயில என்னா கொழுக்கட்டயா? சொல்லுங்க. ஒங்களுக்குத்தான் நல்ல காதாச்சே!"

வீட்டுக்காரர் தலையைச் சொறிந்தார். மகன் முகத்தில் ஈயாடவில்லை. மருமகள்தான் முதலில் உடைத்தாள். "நாக்கூ வினபடலேது அத்தம்மா" என்றாள். தனக்கும் கேட்கவில்லையாம்.

அடப்பாவிகளா! நாலு பேரில் ஒருவருக்கும் கேட்கவில்லை, செவிடு மட்டும் நான்!

விடுவேனா? கம்பெனியில் ஒரு கோளாறு வந்தால் ஒவ்வொன்றாகத்தான் மாற்றிப் பார்ப்போம். முதலில் ஒயரை டிவியிலிருந்து பிடுங்கினேன். டிவியின் சொந்த ஸ்பீக்கர் பேசியது. சத்தம் சின்னதுதான், ஆனால் பேச்சு பளிச்சென்று கேட்டது. படத்தைக் கொஞ்சம் பின்னுக்கு ஓட்டிப் பார்த்தால், "சாவி எங்கே வச்சே?" என்றுதான் அந்த அம்மாள் கேட்டிருக்கிறாள். ஆக டிவியில் குறை இல்லை. அடுத்து மருமகளின் போனை ப்ளூடூத்தில் சவுண்ட்பாரோடு சேர்த்துச் செய்தி போட்டேன். அதுவும் பளிச். சவுண்ட்பாரிலும் குறை இல்லை. மிச்சம் அந்த ஒயர்தான்.

"அது புது ஒயரும்மா" என்றான் மகன்.

"நீ சும்மா கெட."

ஒயரைப் பழையபடி சொருகி, டார்ச் அடித்து டிவிக்குப் பின்னால் எட்டிப் பார்த்தேன். ஒயர் முனையில் இருக்கிற பின்னின் தடித்த பிளாஸ்டிக் கழுத்து, டிவியைத் தாங்கும் இரும்புச் சட்டத்தில் முட்டிக்கொண்டு நின்றது. முழுசாக உள்ளே போகவில்லை. இரண்டு மில்லி வெளியே. முடியளவு வித்தியாசத்துக்கே பாகத்தைச் சிவப்புப் பெட்டியில் போடுகிறவள் நான். என் வீட்டில் இரண்டு மில்லியை விட்டுவிட்டு என் காதைக் குறை சொல்லியிருக்கிறார்கள்!

காய் நறுக்கும் கத்தியால் அந்தக் கழுத்தைச் சீவி மறுபடி அழுத்தினேன். டக்கென்று உட்கார்ந்தது. பேச்சு முழுசாக வந்தது. ஒயர் முனை முழுசாக உள்ளே போகாவிட்டால் பொதுக் கம்பி சேராது, இடது வலது இரண்டு பக்கத்துக்கும் ஒரே மாதிரி வருகிற பேச்சு ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும், பாட்டு மட்டும் தப்பிக்கும் என்று எங்கள் கம்பெனி எலெக்ட்ரீசியன் பிறகு விளக்கினார்.

கடிதத்தை மகன் கையில் கொடுத்தேன். வாங்கிக்கொண்டான், ஆனால் கிழிக்கவில்லை.

"டிவி சரியாயிடுச்சிம்மா. இருந்தாலும் நீ வேலய வுட்டா நல்லாருக்கும்."

"ஏன்? காதுதான் இருக்குதே."

தரையைப் பார்த்தான். "கொழந்த பொறந்தா யாரும்மா பாத்துக்கறது?"

அப்படிப் போகிறதா கதை! ஒரு மாதமாக எனக்குக் காதில் பூ சுற்றியிருக்கிறான். மருமகள் அவனை முறைத்தாள். "இத அத்தம்மாகிட்ட நேரா கேக்கறதுக்கு என்னா?" என்றாள். அதைத்தான் நானும் நினைத்தேன். நேராகக் கேட்டிருந்தால் உட்கார்ந்து பேசியிருப்பேன். என் பேரப்பிள்ளை எனக்குக் கசக்குமா? அதற்காக, மெஷின் முன்னால் கையைத் தூக்கப் பயந்து நிற்கிற மாதிரியா என்னை ஆக்குவது? அன்று நின்றதை அப்போதுதான் அவனிடம் சொன்னேன். சொல்லும்போது குரல் உடைந்தது, உடையட்டும் என்று விட்டேன். வீட்டுக்காரர் டிவியை அணைத்தார்.

ஒரு பேப்பரும் பேனாவும் கொண்டுவந்து மகன் முன்னால் வைத்தேன்.

"வூட்ல நாலு பேரு இருக்கறோம். ஷிப்ட் போடு. நான் மொத ஷிப்ட் முடிச்சி மூணு மணிக்கு வந்து கொழந்தய வாங்கிக்கறன். அதுவரைக்கும் யாருன்னு நீங்க மூணு பேரும் பேசிக்குங்க. எழுது, மொதல்ல ஒன் பேர எழுது."