‘எடுத்துவிடவும்’ என்று ஒரு வரி

காரிமங்கலம் பஸ் நிறுத்தத்தில் நின்றிருந்தபோது லட்சுமியின் போன் வந்தது. பாலக்கோட்டில் சிறப்புக் குழந்தைகளுக்கான பகல் மையம் ஒன்றில் அவர் உதவியாளர். “செலின் அக்கா போயிட்டாங்க சார். காய்ச்சல்னு படுத்தவங்க எந்திரிக்கவே இல்ல” என்றார். எனக்கு முதலில் அழுகை வரவில்லை. செலின் அனுப்பிய திருத்தம் ஏழு மாதமாக என்னிடம் கிடப்பில் இருப்பதுதான் நினைவுக்கு வந்தது. அதை நினைத்து இன்றும் கூசுகிறேன்.

இந்த அஞ்சலியைப் படிக்கும் உங்களில் பலருக்குச் செலின் அந்த மையத்தின் பொறுப்பாளர். எனக்கு உடன் எழுதியவர். இத்தகைய மையங்கள் குழந்தைகளின் மருந்து, பயிற்சி, வலிப்பு வந்த நேரம் எல்லாவற்றையும் பதிந்துவைக்க ஒரு கட்டற்ற மென்பொருள் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் அதற்கு உதவிப் பக்கம் எழுதலாம், திருத்தலாம். தமிழ்ப் பக்கங்களை நாங்கள் ஐந்தாறு பேர் எழுதினோம். வருவதைப் பார்த்து ஏற்பதும் திருப்பி அனுப்புவதும் என் பொறுப்பு. கையகல அதிகாரம்தான், அதற்கே எனக்குத் தலைக்கனம் வந்திருந்தது.

செலின் எழுதியதை உடனே அனுப்ப மாட்டார். குழந்தையை விட வந்த தாய்மாரில் ஒருவரை உட்காரவைத்து, திரையில் விரல் வைத்துப் படிக்கச் சொல்வார். “படிக்கறவங்க வெரலு எங்க நிக்குதோ, அங்கதாங்க நம்ம தப்பு” என்பார். எனக்கும் விரல் பரீட்சை உண்டா என்று கேலி செய்திருக்கிறேன். உண்டு என்று அவரும் சிரித்தார்.

அந்தப் பரீட்சைக்குப் போகாத என் வரி ஒன்று இருந்தது. ‘புதிய பதிப்பை நிறுவும் முன் பழைய பதிவுகளை எடுத்துவிடவும்.’ நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல நினைத்தேன். பேச்சில் ‘எடுத்துடு’ என்றால் அப்புறப்படுத்து என்றுதான் பொருள். நானும் அப்படித்தான் பேசுகிறேன். லட்சுமி அந்த வரியைப் பார்த்து எல்லாவற்றையும் அழித்துவிட்டார். இரண்டு வருடப் பதிவுகள் போயின. மகனுக்கு வலிப்பு எப்போதெல்லாம் வந்தது என்று சேலத்து டாக்டர் கேட்டபோது, ஒரு தாயால் ஒரு தேதிகூடச் சொல்ல முடியவில்லை.

அழிக்கும் முன் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்று செலினிடம் சொன்னேன். “லட்சுமி தப்பாப் படிக்கலீங்க. நீங்க எழுதுனபடியேதான் செஞ்சா” என்றார். அவர் கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

மறுநாளே திருத்தம் அனுப்பினார். ‘பழைய பதிவுகளை நகலெடுத்துப் பென் டிரைவில் வையுங்கள். எதையும் அழிக்காதீர்கள்.’ இரண்டே வரி. பென் டிரைவ் தமிழா என்று கேட்டுத் திருப்பினேன். மாற்றி அனுப்பினார். இரண்டாம் வரி அதட்டுவதுபோல இருக்கிறது என்று மறுபடி திருப்பினேன். இந்த முறை அவர் முதலில் எழுதிய இரண்டு வரிகளையே அனுப்பினார். நான் தொடவில்லை. நடை, சீர்மை என்றெல்லாம் காரணம் சொன்னேன். என் வரி தப்பு என்று ஊரறிய ஒப்புக்கொள்ள மனமில்லை, அவ்வளவுதான். கடைசியாகப் பேசியபோதும், அந்த வரி இன்னும் அங்கேயே இருக்கிறதா என்றுதான் கேட்டார். இந்த வாரம் பார்க்கிறேன் என்றேன். இடையில் வேறெந்த ஊரில் யார் அதைப் படித்து எதை அழித்தார்களோ, எனக்குத் தெரியாது.

கல்லறைத் தோட்டத்தில், செலினுக்குத் துணையாக எழுதியவர் என்று பலர் என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். தாங்க முடியவில்லை. ஒதுங்கி நின்ற லட்சுமியிடம் போய், அந்த வரியை எழுதியது நான்தான் என்றேன்.

“அக்கா உங்க பேரச் சொல்லலீங்க சார். வரிதான் தப்பு, உன் மேல தப்பில்லன்னு மட்டும் சொன்னாங்க. ஆறுதலுக்குச் சொல்றாங்கன்னு நெனச்சேன். தப்பான வரின்னா இன்னேரம் மாத்தியிருப்பாங்கல்ல? தெனமும் போய்ப் பாத்தேன். அப்படியேதான் இருந்துச்சு.”

அன்று வீட்டுக்கு வந்து, சட்டையைக்கூட மாற்றாமல், செலினின் திருத்தத்தை ஏற்றேன். லட்சுமிக்குப் போன் செய்து பார்க்கச் சொன்னேன். பார்த்துவிட்டு அழுதார்.

செலினிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அந்த இரண்டு வரிகளைத்தான். ஒரு எழுத்தும் மாற்றாமல் வைத்திருக்கிறேன். அவற்றில் திருத்த ஒன்றுமில்லை. வந்த அன்றைக்கே ஒன்றுமில்லை.