கடலில் பாடியவர்

தொண்ணூறுகளில் நானும் என் கணவரும் கனடாவில், ரொறன்ரோவின் ஸ்காபரோ பகுதியில் ஒரே வீட்டில் இருந்தும் அதிகம் சந்தித்ததில்லை. அவர் வேலையால் வரும்போது நான் வேலைக்குப் புறப்பட்டுக்கொண்டிருப்பேன். கலியாணமாகி வெகுகாலத்துக்குப் பிறகு, ஒரு பனி மாரியில், ஒரு கிழமை விடுமுறைக்கு மெக்சிகோவின் சிறிய கடற்கரை ஊர் ஒன்றுக்குப் போனோம்.

திரும்ப வேண்டிய நாளன்று நான் பெட்டி கட்டிவிட்டேன். அவர் மணலை விட்டு எழும்பவில்லை.

“இன்னும் கொஞ்ச நாள் நிப்பமே?”

“உங்கட வேலை?”

“போனால் போகட்டும். வேறை தேடுவன்.”

நானும் என் வேலையிடத்துக்குப் போன் பண்ணி லீவை நீட்டினேன். ஒரு மாதம் நின்றோம். காலையில் மீன் வாங்கிப் பொரித்தோம். மத்தியானத்தில் ஆசைதீரத் தூங்கினோம். ஒருநாள் கடலில் மிதந்தபடி அவர் பாடத் தொடங்கினார். கணீரென்ற குரல். நான் கரையிலேயே திகைத்து நின்றேன்.

“உங்களுக்குப் பாட வருமோ? இவ்வளவு நாளும் சொல்லேல்லையே!”

“எனக்கே மறந்துபோச்சப்பா” என்று சிரித்தார்.

ரொறன்ரோ திரும்பியதும் அவருக்கு வேறு வேலை கிடைத்தது. பிறகு இரண்டாவது வேலையும். அந்தக் குரலை நான் மறுபடி கேட்கவில்லை. பனி கொட்டும் ஞாயிற்றுக்கிழமைகளில், சோபாவில் களைத்து உறங்கும் அவரைப் பார்த்துக்கொண்டிருப்பேன். பக்கத்திலேயே இருக்கிற ஒருவருக்காக இப்படி ஏங்க முடியும் என்று அதற்குமுன் எனக்குத் தெரியாது.