மூன்று தலையணை

லண்டன் ஹரோவில் இருக்கும் என் மச்சாள் தாரிகாவுக்கு அந்தக் கதை கோயிலில் கிடைத்தது. கோயிலில் சொன்னவருக்குக் கொழும்பிலிருந்து அவருடைய பெறாமகள் சொன்னாளாம். நாலு ஏழு ஒன்று என்று முடிகிற ஓர் இலக்கத்திலிருந்து அழைப்பு வருகிறதாம். ஆஸ்பத்திரியிலிருந்து கதைக்கிறோம் என்று ஒரு பொம்பிளைக் குரல் சுகம் விசாரிக்குமாம். எடுத்துப் பதில் சொன்ன ஒருவரும் மூன்று மாதம் தாண்டவில்லையாம். கொட்டாஞ்சேனையில் ஒரே ஒழுங்கையில் மட்டும் இரண்டு பேர் போய்விட்டார்களாம்.

"ஆராய்ச்சியாம்," என்றாள் மச்சாள். "சனத்தை வைச்சு என்னத்தையோ பரிசோதிக்கினமாம். மாமிக்கும் இப்பதானே கண் ஒப்பரேஷன் முடிஞ்சது. எடுக்க வேண்டாம் எண்டு சொல்லு. மெசேஜ் வந்தாலும் திறக்க வேண்டாம்."

அது செவ்வாய்க்கிழமை. நான் கொழும்பு வெள்ளவத்தையில் அம்மாவோடு நிற்க லண்டனிலிருந்து மூன்று கிழமை லீவு எடுத்துக்கொண்டு வந்திருந்தேன். நான் இரண்டு மொழியில் படித்தவள். இரண்டு மொழியிலும் பயப்படத் தெரியும். மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் தாளை இங்கிலீஷில் ஒருதரம் வாசித்துவிட்டு அம்மாவுக்குத் தமிழில் இன்னொருதரம் வாசித்துக் காட்டுகிற ஆள். மச்சாள் அனுப்பிய குரல் பதிவை முழுக்கக் கேட்டேன். பிறகு சொந்தக்காரர் குழுவுக்கும், எங்கள் மாடிக்காரர் குழுவுக்கும், பள்ளிக்கூடத்துப் பழைய குழுவுக்கும் அனுப்பினேன். "எல்லாரும் கவனம்" என்று ஒரு வரியும் சேர்த்தேன்.

அடுத்த நாள் காலையில் எதிர்வீட்டுக் கனகேஸ்வரி அக்கா தேத்தண்ணிக்குக் கூப்பிட்டா.

அக்காவுக்கு ஐம்பத்தெட்டு வயது. தனியாள். சாவகச்சேரியில் பிறந்தவ, தொண்ணூற்றாறில் இடம்பெயர்ந்து, ஒரு சூட்கேசும் டைப்பிங் சான்றிதழும் கொண்டு கொழும்புக்கு வந்தவ. காலி வீதியில் ஸமீம் நானாவின் கொமினிகேஷன் என்கிற தொலைபேசிக் கடையில் வேலை கிடைத்தது. கண்ணாடிக் கதவு போட்ட மூன்று பெட்டிகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு மீட்டர், சுவரோரம் வாங்கு. வெளிநாட்டில் பிள்ளை இருக்கிற சனமெல்லாம் அந்த வாங்கில் வந்து குந்தியிருக்கும். அக்கா இலக்கத்தைச் சுழற்றி, பெட்டி நம்பரைச் சொல்லிக் கூப்பிடுவா. பன்னிரண்டு வருடம் அதுதான் வேலை.

கண்ணாடிக் கதவு சத்தத்தை முழுக்க மறைக்காது. உள்ளே நின்று "நாங்கள் நல்ல சுகம், நீ ஒண்டுக்கும் யோசியாதை" என்பவர்கள் ரிசீவரை வைத்துவிட்டு வெளியே வந்து கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு அழுவதை அக்கா நாளுக்கு நாலு தரம் பார்த்தா. முதல் மாதம் தானும் சேர்ந்து அழுதவவாம். ஸமீம் நானா பார்த்துவிட்டுச் சொன்னாராம்: "தங்கச்சி, காதப் பொத்திக்கிட்டு மீட்டரப் பாருங்க. ரெண்டு பேரும் அழுதா கடய யாரு பாக்கிற?"

கைபேசி வந்ததும் கொமினிகேஷன் மூடப்பட்டது. அக்கா ஒரு பல் டொக்டரின் முன்மேசையில் பத்து வருடத்துக்கு மேல் இருந்தா. அதற்குப் பிறகு வந்ததுதான் இந்த வேலை. டொக்டர் ஷிஹாரா என்று ஒருவர் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் ஆய்வு தொடங்கியிருந்தார். இதயம், எலும்பு, சிறுநீரகம், சத்திரசிகிச்சை என்று நாலு பிரிவு. துண்டு வெட்டி, அதாவது டிஸ்சார்ஜ் பண்ணி, வீட்டுக்கு அனுப்பப்பட்ட நோயாளர் அதற்குப் பிறகு என்ன ஆகிறார்கள், எந்தப் பிரிவில் நன்றாகத் தேறுகிறார்கள், எங்கே திரும்பி விழுகிறார்கள் என்பதைக் கணக்கெடுப்பது. ஏழாம் நாள், முப்பதாம் நாள், தொண்ணூறாம் நாள் தொலைபேசியில் கூப்பிட்டுக் கேட்க வேண்டும். தமிழும் சிங்களமும் தெரிந்த, பொறுமையான ஒரு குரல் தேவைப்பட்டது.

அக்காவுக்கு முன்னிருந்த பிள்ளை வேகமான பிள்ளையாம். படிவத்தின் முதல் கேள்வி "எப்படி இருக்கிறீர்கள்?" அதற்குக் கீழே மூன்று கட்டம்: சுகம், ஓரளவு, சுகமில்லை. அந்தப் பிள்ளை எடுத்த எலும்புப் பிரிவுத் தமிழ் நோயாளர் அத்தனை பேரும் முப்பதாம் நாள் சுகம். தொண்ணூறாம் நாள் பார்த்தால் பாதிப் பேர் படுக்கையில். டொக்டருக்கு விளங்கவில்லை. அக்காதான் சொன்னா: "டொக்டர், எங்கட சனம் ஃபோனில சுகமில்லை எண்டு சொல்லாது. கேக்கிற ஆளுக்கு அது மரியாதையில்லை எண்டு நினைக்குங்கள்."

அன்றிலிருந்து அக்காவுக்கென்று சில கேள்விகள். அவை படிவத்தில் இல்லை. ஓரத்தில் பென்சிலால் எழுதிக்கொள்ளுவா. இண்டைக்கு மீன் வாங்கினது ஆர்? குளியலறைக்குத் தனியப் போனீங்களோ? கால் செருப்புக்குள்ள போகுதோ? இதயப் பிரிவுக்காரரிடம் மட்டும் கடைசியாக ஒன்று: எத்தினை தலையணை வைச்சுப் படுக்கிறீங்கள்? நெஞ்சில் நீர் கட்டினால் தட்டையாகப் படுக்க முடியாது, மூச்சு முட்டும். ஆள் தன்னை அறியாமலே தலையை உயர்த்திக்கொண்டே போவார். தலையணை கூடினால் டொக்டருக்குச் சொல்ல வேண்டும்.

இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும். அந்தப் புதன்கிழமை காலையில் எனக்குத் தெரிந்திருந்தது, எதிர்வீட்டு அக்கா ஏதோ ஆஸ்பத்திரிக்கு வேலை செய்கிறா என்பது மட்டும்.

"நான் கதைக்கேக்க பல்கனியில இருங்கோ பிள்ளை," என்று தேத்தண்ணியைக் கையில் தந்தா. "ஆக்களின்ர பேர் வெளியாள் காதில விழக்கூடாது. அது சட்டம்."

பல்கனியிலிருந்து கீழே ரயில் பாதையும் கடலும். உள்ளே அக்காவின் குரல் விட்டு விட்டுக் கேட்டது. "கொஹொமத அய்யே, நிந்த யனவாத?" என்று ஒரு சிங்கள அண்ணனிடம் நித்திரை வருகிறதா என்று கேட்டுச் சிரித்தா. பிறகு நீண்ட மௌனம். இன்னொரு இலக்கம். இன்னொரு மௌனம். கதிரையைத் தள்ளுகிற சத்தம்.

பன்னிரண்டு மணியாகவில்லை, அக்கா கண்ணாடியைக் கழற்றியபடி பல்கனிக்கு வந்தா.

"சிங்கள ஆக்கள் எட்டுப் பேருக்கு எடுத்தன், எட்டுப் பேரும் கதைச்சவை. எங்கட ஆக்கள் பதின்மூண்டு பேரில ரெண்டே ரெண்டு பேர். அதில ஒராள், 'பிசாசே, உனக்கு வேற வீடு கிடைக்கேல்லையோ' எண்டு கேட்டுட்டு வைச்சிட்டார். என்ன நடந்தது இந்தச் சனத்துக்கு?"

அப்போதுதான் அவவின் கையிலிருந்த தொலைபேசியைப் பார்த்தேன். ஆய்வுக்காகக் கொடுத்த பழைய மாதிரிக் கைபேசி. பின்பக்கம் வெள்ளைத் தாள் ஒட்டி, இலக்கம் எழுதியிருந்தது. கடைசி மூன்றும் நாலு, ஏழு, ஒன்று.

சொல்லாமல் விட்டிருக்கலாம். ஆனால் சொன்னேன், அனுப்பியது நான்தான் என்பதையும். குரல் பதிவைப் போட்டும் காட்டினேன். அக்கா நின்றபடியே முழுவதையும் கேட்டா.

"சிறுநீரக வார்ட்டில வாறவை அரைவாசிப் பேர் ஏலாத ஆக்கள்," என்றா. "நான் எடுத்தாலும் போவினம், எடுக்காட்டியும் போவினம். ரேடியோவில மழை வரும் எண்டு சொன்னவன்தான் மழையைக் கொண்டந்தவன் எண்ட மாதிரியெல்லோ கிடக்குது கதை." பிறகு என்னைப் பார்த்தா. "லண்டனில இருந்து பவுடரும் சொக்லேட்டும் கொண்டுவருவினம். நீங்கள் இதையோ கொண்டந்தனீங்கள்?"

"அழிக்கிறன் அக்கா."

"அழியுங்கோ."

எல்லோருக்கும் அழி என்ற பொத்தானை அழுத்தினேன். மூன்று குழுவிலும் என் செய்தி அழிந்துபோனது. அதை எடுத்து வேறு இடங்களுக்கு அனுப்பியவர்களின் செய்திகள் அழியவில்லை. சொந்தக்காரர் குழுவில் ஒரு மாமா கைகூப்பி நன்றி சொல்லியிருந்தார். தன் ஹெவ்லொக் டவுன் நண்பர்கள் எல்லோருக்கும் அனுப்பிவிட்டாராம்.

ஹெவ்லொக் டவுன் என்று நான் வாசித்ததும் அக்காவின் முகம் மாறியது. உள்ளே போய் மேசைக்கு முன்னால் இருந்தா. சட்டத்தை மறந்தவ போல என்னையும் உள்ளே கூப்பிட்டா.

அந்த நோயாளரின் பெயரை நான் இங்கே மாற்றித்தான் எழுதுகிறேன். நாகேந்திரம் என்று வைத்துக்கொள்வோம். எழுபத்து மூன்று வயது, இதயப் பிரிவு. ஏழாம் நாள் அக்கா கூப்பிட்டபோது எடுத்தது அவருடைய மனைவி. எல்லாம் சுகம், மீன் வாங்கினது அவர்தான், தலையணை ஒன்று. தலையணையை ஏன் கேட்பதென்றும் அக்கா எனக்கு அப்போதுதான் சொன்னா. முப்பதாம் நாள் இந்தத் திங்கட்கிழமை. எடுத்தது அவர். இரண்டு வசனம் கதைக்க முன்னமே அக்காவுக்குக் குரல் பிடிபட்டுவிட்டது.

"கொமினிகேஷனுக்கு வாற ஜேர்மன் ஐயா. அங்க எங்களுக்கு ஆற்றையும் பேர் தெரியாதே. ஞாயிற்றுக்கிழமை மூண்டு மணிக்கு மகன் எடுப்பான். ஐயா ரெண்டரைக்கே வந்து வாங்கில இருப்பார். நான் சொன்னன், 'ஐயா, ரெண்டாம் நம்பர் பெட்டி'. அவ்வளவுதான், பிடிச்சிட்டார். 'அடி பிள்ளை, நீயோ' எண்டு சிரிச்சார். ஸமீம் நானா இருக்கிறாரோ, நீ கலியாணம் கட்டினியோ எண்டு அவர்தான் என்னைக் கேள்வி கேட்டவர். சிரிச்சுச் சிரிச்சு இடையில மூச்சு வாங்கினார். நான் சிரிப்பு எண்டு நினைச்சன்."

"தலையணை கேட்டீங்களோ?"

"கேட்டனான். 'மூண்டு, மகாராசா மாதிரிப் படுக்கிறன்' எண்டார். நானும் சிரிச்சன். சிரிச்சுக்கொண்டே சுகம் எண்டதில புள்ளடி போட்டன்."

படிவத்தை என் பக்கம் திருப்பினா. ஏழாம் நாளின் ஓரத்தில் பென்சிலால் 1. முப்பதாம் நாளின் ஓரத்தில் 3. அதற்குப் பக்கத்தில் சுகம் என்ற கட்டத்தில் அழுத்தமான புள்ளடி. இன்றைக்குக் காலை பழைய படிவங்களை அடுக்கும்போதுதான் இரண்டு எண்ணையும் ஒன்றாகப் பார்த்தாவாம்.

"தெரியாத ஆளெண்டால் பிடிச்சிருப்பன். தெரிஞ்ச குரல் எண்டபடியால் விட்டிட்டன். பன்னிரண்டு வருசம் அந்த மனிசன் மகனுக்குச் சுகம் சுகம் எண்டு சொன்னதைக் கேட்டனான். மனிசி ஆஸ்பத்திரியில கிடக்கேக்கையும் சுகம் எண்டவர். அதே ஆள் எனக்குச் சொல்ல, நம்பிட்டன்."

டொக்டர் ஷிஹாராவுக்குக் காலையிலேயே சொல்லியிருந்தா. எனக்கு முன்னால் இன்னொருதரம் எடுத்தா. ஒலிபெருக்கியில் டொக்டரின் குரல் அவசரமாக வந்தது. "இன்னும் கெடைக்கல்லயா அக்கா? ரெண்டு நாள் போயிட்டுதே. அவருக்கு நெஞ்சில தண்ணி சேர்ந்து ஈக்கும். இண்டக்கே வந்தா மருந்தில சரிக்கட்ட ஏலும். பிந்தினா எனக்குச் சொல்ல ஏலா. எப்படிச் சரி புடிங்க."

எப்படிப் பிடிப்பது? படிவத்தில் இருந்த விலாசம் மானிப்பாய். எங்கள் சனம் கொழும்பில் இருபது வருடம் வாடகைக்கு இருந்தாலும் ஆஸ்பத்திரியில் கேட்டால் அடையாள அட்டையைத்தான் நீட்டும். அட்டையில் ஊர் விலாசம்தான் இருக்கும். இரண்டாவது தொடர்பு என்ற இடத்தில் "மகன், ஜேர்மனி" என்று மட்டும் எழுதியிருந்தது. இலக்கம் இல்லை. ஹெவ்லொக் டவுனில் பூங்காவுக்குக் கிட்ட ஒரு மேல்வீடு என்று திங்கட்கிழமை கதையோடு கதையாகச் சொன்னாராம். ஹெவ்லொக் டவுனில் எத்தனை மேல்வீடு.

நான் அந்த மாமாவுக்கு எடுத்தேன். நாகேந்திரம் என்று ஒருவரையும் அவருக்குத் தெரியாது. "நான் ஆறு பேருக்குத்தான் அனுப்பினனான். அவை ஆர் ஆருக்கு அனுப்பிச்சினமோ," என்றார். பிறகு, "நல்ல காரியம்தானே பிள்ளை," என்றார்.

அக்கா நாலு ஏழு ஒன்றிலிருந்து மறுபடி எடுத்தா. இரண்டு மணி அடித்து அறுந்தது. யாரோ கையால் வெட்டிய மாதிரி.

"பாத்தீங்களோ, வெட்டுகினம். அப்ப ஆரோ ஃபோனுக்குப் பக்கத்தில இருக்கினம்."

தன் சொந்தக் கைபேசியிலிருந்தும் எடுத்துப் பார்த்தா. முழுக்க அடித்து ஓய்ந்தது. தெரியாத இலக்கம் எதையும் எடுக்க வேண்டாம் என்று குரல் பதிவின் கடைசியில் ஒரு வரி உண்டு. அதையும் நான்தான் அனுப்பியிருந்தேன்.

அக்கா தன் கைபேசியை மேசையில் வைத்தா. பிறகு கையை நீட்டினா.

"உங்கட லண்டன் ஃபோனைத் தாங்கோ. வெளிநாட்டு நம்பர் எண்டால் ஐயா எடுப்பார். மகன் எண்டு நினைச்செண்டாலும் எடுப்பார்."

ரோமிங்கைப் போட்டுக் கொடுத்தேன். படிவத்தைப் பார்த்து இலக்கத்தை ஒவ்வொன்றாக அழுத்தினா. அந்த விரலுக்கு இலக்கம் அழுத்துகிற பழைய ஒழுங்கு ஒன்று இருந்தது. ஒலிபெருக்கியைப் போட்டு மேசையில் வைத்தா. எடுத்தால் முதலில் என்ன சொல்ல வேண்டும் என்று வாய்க்குள் சொல்லிப் பார்த்தா. "ஐயா, ரெண்டாம் நம்பர் பெட்டி, வையாதேங்கோ."

முதல் மணி அடித்தது.

"அந்த நாளையில ரெண்டாம் மணிக்கு விடமாட்டார்," என்றா.

மூன்றாவது. நாலாவது. வெட்டவில்லை. கீழே கரையோர ரயில் வந்தது. யன்னல் கண்ணாடி அதிர்ந்தது. அக்கா எழுந்து பல்கனிக் கதவைச் சாத்திவிட்டு, ஒரு காதைப் பொத்திக்கொண்டு மற்றக் காதைக் கைபேசிக்குக் கிட்டக் கொண்டுபோனா. பென்சில் மற்றக் கையில் இருந்தது. ஏழாவது மணி. எட்டாவது. ரயில் போய் முடிந்தது. உள்ளே மணி இன்னும் அடித்துக்கொண்டிருந்தது.