கிளட்ச் கவரில் விழுந்த கறை

தேவராஜுக்குச் சும்மா இருக்க வராது. மாவ்பி கடைத்தெருவில் யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். டீக்கடையில் உட்கார்ந்தால் அடுத்தவன் லைட்டரைக் கழற்றிப் பார்த்துக்கொண்டிருப்பான். பஸ்ஸில் டிக்கெட் கிழித்தான், ஐஸ் கம்பெனியில் நின்றான், ஷ்வேப்யிதாவில் ஒரு தகரத் தொழிற்சாலைக்குப் போனான். ஓடுகிற மெஷினை எவனாவது தொட்டுப் பார்ப்பானா? இவன் பார்த்தான். வலது நடுவிரலின் நுனியை அங்கேயே விட்டுவிட்டு வீடு வந்து சேர்ந்தான். எந்த வேலையிலும் ஒரு மழைக்காலம் முழுசாக நிலைத்ததில்லை.

கடைசியாகப் பிடித்துக்கொண்டது மோட்டார் சைக்கிள் இஞ்சின் சுத்தம் செய்கிற வேலை. வீட்டு வாசலில் ஒரு கொட்டகை, ஒரு கம்ப்ரசர். தண்ணீரோடு நயமான கண்ணாடித் தூளைக் கலந்து பீய்ச்சினால், முப்பது வருஷத்து அழுக்கெல்லாம் போய் அலுமினியம் வெளுத்துப் பளிச்சென்று வரும். அதுவரைக்கும் சரி. அதற்கப்புறம்தான் ரோதனை. வெறும் அலுமினியம் பொல்லாதது. ஈரம் தங்கினால் வெள்ளையாகப் பூத்துவிடும், வியர்வைக் கை பட்டால் கறுத்துவிடும். சூடேற்றி உள்ளே ஊறின ஈரத்தை விரட்டி, மெழுகை மெல்லிசாகப் பூசித் துடைத்து எடுக்கும்வரை அதைப் பச்சைக் குழந்தையைப் போலத்தான் பார்க்க வேண்டும்.

அவன் கையோ எப்போதும் வியர்த்துக்கொண்டே இருக்கிற கை.

நகரத்துப் பசுந்தாங்கில் இரும்புச் சாமான் கடை வைத்திருக்கும் சர்ஃபராஸ் பாய் ஒரு பழைய ஜப்பான் வண்டி வைத்திருந்தார். நகரத்துக்குள் மோட்டார் சைக்கிள் ஓட்டத் தடை என்று மாவ்பியில் மச்சான் வீட்டில் நிறுத்தியிருந்தார். அந்த வண்டியின் இஞ்சினுக்குப் பக்கவாட்டு மூடியான கிளட்ச் கவரைக் கொண்டுவந்து தேவராஜிடம் கொடுத்தார். பர்மிய வழக்கப்படி ஆணுக்குக் கோ, பெண்ணுக்கு மா என்று மரியாதை சேர்த்துத்தான் அவர் கூப்பிடுவார்.

"கோ தேவராஜ், பெயிண்ட் கியிண்ட் அடிச்சிராதீங்க. பெயிண்ட் அடிச்சா அது இஞ்சின் இல்ல, பீரோ. வெறும் அலுமினியமாவே இருக்கணும், ஒரு புள்ளி தெரியக் கூடாது. இது நல்லா வந்துச்சுன்னா நம்ம கூட்டாளிங்க இஞ்சின் அத்தனையும் உங்ககிட்டதான் வரும். தடிஞ்சு விளக்குத் திருநாளுக்கு வண்டிய எடுக்கணும், அதுக்கு முந்தி வந்து வாங்கிக்கிறேன்."

அவர் போனதும் பூர்ணா புருஷனைப் பார்த்தாள். "இதையும் பாதியில விட்டீங்கன்னா நான் அக்கா வீட்டுக்குப் போயிருவேன். விளையாட்டுக்குச் சொல்லலங்க" என்றாள். அவள் விளையாட்டுக்குப் பேசுகிறவள் இல்லை.

ஆயுத பூஜையன்று காலையில் கவரைப் பீய்ச்சி எடுத்தான். அடடா, என்ன வெளுப்பு! கழுவி, துணியால் ஒற்றி, சூடேற்றுகிற மின்சார அடுப்புக்குள் வைத்துக் கதவைச் சாத்தின நேரம் பார்த்து அடுப்பு அணைந்தது.

"மீ போயிருச்சு!" என்று தெருவே கத்தியது. கரண்டைத்தான் இந்த ஊரில் மீ என்பார்கள். போனால் எப்போது வரும் என்று அந்தப் புத்தபெருமானுக்கே தெரியாது.

கவரை வெளியே எடுத்து, மேஜை மேல் வெள்ளைத் துணியால் மூடினான். "ஒருத்தரும் தொடக் கூடாது! பூர்ணா, உனக்குத்தான். சந்தனம் குங்குமம்னு கிட்ட வந்துராத."

"பூஜை அன்னிக்கு ஆயுதத்துக்குப் பொட்டு வைக்காம எப்படிங்க?"

"கம்ப்ரசருக்கு வை. எனக்கு வேணாலும் வை. அதுக்கு மட்டும் வேணாம்."

அதன்பிறகு அவன் பட்ட பாட்டைச் சொல்லி மாளாது. வாசலுக்கும் கொட்டகைக்கும் நடந்தான். வெளியே மழை பிடித்துக்கொண்டது. ஈரம் ஏறுமே, பூத்துவிடுமே என்று மனசு அடித்துக்கொண்டது. துணியைத் தூக்கிப் பார்த்தான், மூடினான். போட்டிருந்த கையுறைக்குள் கை புழுங்குகிறதென்று கழற்றி எறிந்தான். மறுபடி தூக்கிப் பார்த்தான். பொங்கல் சாப்பிட உட்கார்ந்தவன் பாதியில் எழுந்து ஓடினான். பூர்ணா பார்த்துக்கொண்டே இருந்தாள்.

மறுநாள் காலையில் மீ வந்தது. துணியை எடுத்தவன் அலறிவிட்டான். கவரின் நட்டநடுவில் திட்டுத் திட்டாகக் கறுத்த கறை. மேஜைக் காலில் பூர்ணா வைத்த குங்குமப் பொட்டு அவன் கண்ணில் பட்டது. போதாதா?

"வெச்சுட்டியேடி! வேணாம் வேணாம்னு தலையால அடிச்சுக்கிட்டேனே! உன் பொட்டு என் பொழப்பையே கெடுத்துருச்சே!"

பூர்ணா சேலையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். கவரைக் குனிந்து பார்த்தாள். "குங்குமம் செவப்புங்க. இது கறுப்பு" என்றாள். "உங்க வலது கைய இதுக்கு மேலாப்பல நீட்டுங்க. தொட்டுறாதீங்க."

நீட்டினான். கீழே கட்டைவிரல், ஆள்காட்டி விரல், மோதிர விரல், சுண்டு விரல் என்று கறை வரிசையாகக் கிடந்தது. நடுவில் ஒன்று மட்டும் குட்டை.

தேவராஜின் முகம் செத்துப்போனது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"ஊருக்கெல்லாம் தொடாதன்னு சொன்னீங்க. உங்க கைக்கு ஒரு வார்த்தை சொன்னீங்களா?"

"மன்னிச்சிரு பூர்ணா. உன்னப் போயி திட்டிட்டேன்."

"அத அப்புறம் பாக்கலாம். மீ இருக்கும்போதே எந்திரிச்சுப் பீய்ச்சுங்க."

பீய்ச்சினான். பாதிச் சூட்டில் மீண்டும் மீ போனது. தேவராஜ் தலையில் கை வைத்துக்கொண்டான். பூர்ணா யோசிக்கவே இல்லை. கரியடுப்பைப் பற்றவைத்து, புகை அடங்கினதும் தோசைக்கல்லைப் போட்டு, அதன்மேல் கவரை வைத்தாள். இளஞ்சூட்டில் திருப்பித் திருப்பிக் காயவைத்து, சூடு ஆறுவதற்குள் மெழுகைத் துணியில் தொட்டுப் பூசினாள். அவள் கை காய்ந்த கை, வியர்க்காத கை. இத்தனை வருஷம் கூடவே இருந்த கையை தேவராஜ் அன்றைக்குத்தான் பார்த்தான். உதவிக்கு வருகிறேன் என்று நாலு தரம் எழுந்தான். நாலு தரமும் அவள் ஒரு பார்வை பார்த்தாள், உட்கார்ந்துவிட்டான்.

விளக்குத் திருநாளுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை சர்ஃபராஸ் பாய் வந்தார். நடுவில் நல்ல மழை பெய்திருந்தது. கவரை வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். ஒரு புள்ளி இல்லை.

"மாஷா அல்லாஹ்! கோ தேவராஜ், கைன்னா இது கை!"

பூர்ணா அடுப்படியில் இருந்தாள். தேவராஜ் பேசாமல் இருந்திருந்தால் காரியம் முடிந்திருக்கும். ஆனால் அவன் வாய் மட்டும் சும்மா இருக்குமா?

"என் கை இல்ல பாய். என் கை பட்டது கறுத்துப் போச்சு. இது என் வீட்டுக்காரி கை."

பாய் சிரித்துவிட்டார். "அப்ப மா பூர்ணா, கூட்டாளிங்க இஞ்சினெல்லாம் உங்க பொறுப்பு."

"பீய்ச்சுறது அவருங்க. மெழுகு நான்" என்றாள் பூர்ணா உள்ளேயிருந்து. அக்கா வீட்டைப் பற்றி அப்புறம் அவள் பேசவே இல்லை.

பாய் செருப்பை மாட்டக் குனிந்தார். "இதக் கொஞ்சம் பிடிங்க" என்று கவரை நீட்டினார். தேவராஜின் கை பாதி தூரம் போனது. நின்றது. இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான்.

"பூர்ணாகிட்ட குடுங்க பாய்."