தண்ணி டாக்டர் வைத்த புள்ளிகள்

நான் சொல்லச் சொல்ல என் பேத்தி எழுதுகிறாள். அவள் அம்மாவைப் பற்றிய கதை என்பதால் நடுநடுவே அவள் கை நின்றுவிடும். நின்றாலும் நான் விடுவதாக இல்லை. என் மருமகளைப் பற்றித் தெருவில் ஆளுக்கொன்று பேசியாகிவிட்டது. கூடவே இருந்தவள் சொல்வதும் இருக்கட்டும்.

மருமகள் பள்ளிக்கூடத்தில் வேதியியல் டீச்சர். என் மகன் செம்புச் சுரங்கத்தில் லாரி ஓட்டினான். சுரங்கத்தை மூடியதும் வேலை தேடி வெளியூர் போய்விட்டான். சுரங்கக்காரர்கள் போனார்களே ஒழிய, அவர்கள் தோண்டிக் கொட்டிய கழிவு மேடு எங்கள் தெருவுக்குப் பின்னால் சட்டமாக உட்கார்ந்துகொண்டது. மழை பெய்தால் அதிலிருந்து வடிகிற தண்ணீர் மண்ணுக்குள் இறங்கும். எங்கள் குழாயடிச் சிமெண்டில் செம்புக் களிம்பு மாதிரி பச்சை பூத்தது. புகார் கொடுத்தோம். ஓர் அதிகாரி வந்து தம்ளரில் தண்ணீர் பிடித்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, "கண்ணாடி மாதிரி இருக்கே" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் குடிக்கவில்லை. அதையும் எழுது.

அன்றைக்குத்தான் மருமகளுக்கு வீம்பு வந்தது.

"கண்ணுக்குத் தெரியாததை அளந்து காட்டுறேன் அத்தை. அந்த மேட்டை மூட வச்சு, இந்தத் தெருவுக்கு நல்ல தண்ணிக் குழாய் வரவைக்கலைன்னா பாருங்க" என்றாள். காதோரம் நரைத்த வயதில் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சிக்குச் சேர்ந்தாள்.

லீவு நாளெல்லாம் வீடு வீடாகப் போய் ஆழ்குழாய்க் கிணற்றில் தண்ணீர் எடுப்பாள். போன கையோடு பிடித்துவிட மாட்டாள். மோட்டாரை ஓடவிட்டு, குழாய்க்குள் தேங்கிக் கிடந்ததெல்லாம் வெளியே போகட்டும் என்று நிற்பாள். வாளிக்குள் மீட்டரோடு சேர்ந்த ஒரு கம்பியை விட்டுச் சூடும் புளிப்பும் பார்ப்பாள். அதே தண்ணீரால் பாட்டிலை அலசி, வடிகட்டி நிரப்பி, உலோகம் பாட்டிலின் சுவரில் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க இரண்டு சொட்டு அமிலம் விட்டு மூடுவாள்.

எதிர்வீட்டு மெக்கானிக்கின் மனைவி வாசலிலேயே பிடித்துக்கொள்வாள். "வந்துட்டாங்கப்பா, தண்ணிக்குக் காய்ச்சல் பார்க்கிற டாக்டர்! ஊசி உண்டா, மாத்திரை மட்டும்தானா?"

"மோட்டாரைப் போடுங்க அக்கா. ஊசி யாருக்குன்னு அப்புறம் பார்க்கலாம்."

"எங்க வீட்டுக்காரருக்கே போட்டுவிடுங்க. வாயாவது கொஞ்ச நேரம் மரத்துக் கெடக்கட்டும்!"

அப்படித்தான் தண்ணி டாக்டர் என்ற பெயர் நிலைத்தது. எங்கள் ஃபிரிட்ஜில் பால் வைக்க இடம் கிடையாது, எல்லாம் பாட்டில்.

"ஏம்மா, தண்ணியைப் போய் யாராவது கெட்டுப்போகாம வைப்பாங்களா?" என்று கேட்டேன்.

"இது முன்னாடியே கெட்டது அத்தை. கெட்டது கெட்டபடியே ஆய்வுக்கூடத்துக்குப் போய்ச் சேரணும்."

வந்த முடிவு கோபால்ட். பேட்டரியில் போடுகிற உலோகமாம். மண்ணுக்குள் சும்மா கிடந்தது, மேட்டின் புளிப்புத் தண்ணீர் பட்டுக் கரைந்து கிணறுகளில் இறங்கியிருக்கிறது. எந்தக் கிணற்றில் எவ்வளவு என்று ஒரு வரைபடம் போட்டாள். கிணற்றுக்கு ஒரு புள்ளி; கோபால்ட் கூடக் கூடப் புள்ளி கறுக்கும். எங்கள் வீட்டுப் புள்ளிதான் இருப்பதிலேயே கறுப்பு. அன்றிலிருந்து என்னைக் குழாய்த் தண்ணீர் குடிக்க விடவில்லை. பட்டமும் வந்தது. பல்கலைக்கழகம் அவள் ஆய்வை யார் வேண்டுமானாலும் படிக்கலாம் என்று இணையத்தில் போட்டது. யாராவது படித்து ஏதாவது செய்வார்கள் என்று காத்திருந்தாள்.

படித்தார்கள். ஒரு நாள் ஜீப்பில் ஆட்கள் வந்து இறங்கினார்கள். கையில் அவளுடைய வரைபடம். புள்ளி இருந்த வீட்டு வாசலில் எல்லாம் முளை அடித்தார்கள். மெக்கானிக் மனைவிக்கு ஒரே குஷி. குடத்தையெல்லாம் ஒதுக்கி வழி விட்டு, டீயும் போட்டுக் கொடுத்தாள்.

"குழாய் எந்தப் பக்கமா வரும் தம்பி?"

"குழாயா? துளை போட்டுப் பார்க்க வந்திருக்கோம்மா. கீழே பேட்டரிக்கு ஆகுற உலோகம் நிறைய இருக்குதாம். பெரிய சுரங்கம் வரப்போகுது."

அவள் டீத் தம்ளரைத் திருப்பி வாங்கவில்லை. அப்படியே எங்கள் வீட்டைப் பார்த்தபடி நின்றாள்.

தெருவைக் கூட்டி அதிகாரிகள் பேசினார்கள். மருமகள் எழுந்து, "இந்தத் தண்ணி விஷம்னுதானே சார் எழுதியிருக்கேன்? மேட்டை மூடணும்னுதானே எழுதியிருக்கேன்?" என்று கேட்டாள்.

வந்திருந்த பெரிய அதிகாரி கோபப்படவே இல்லை. "ஆமா மேடம். விஷம்னு நீங்களே சொல்றீங்க. அப்ப இங்க ஜனங்க குடியிருக்கலாமா? கீழே உலோகம் இருக்குன்னும் நீங்களேதான் சொல்றீங்க. எங்க ஆளுங்க தேடியிருந்தா இவ்வளவு துல்லியமா கிடைச்சிருக்காது" என்றார்.

பின்னாலிருந்து மெக்கானிக் மனைவியின் குரல் வந்தது. "மோட்டாரைப் போடுங்க, மோட்டாரைப் போடுங்கன்னு வீட்டுக்குள்ள வந்தியே... இதுக்குத்தானா?"

அதற்குப் பிறகு அவளை யாரும் டாக்டர் என்று கூப்பிடுவதில்லை. வேறு எதுவாகவும் கூப்பிடுவதில்லை. வேறிடத்தில் வீடு தருகிறோம் என்றதும் ஒவ்வொருவராகக் கையெழுத்துப் போட்டுக் கிளம்பினார்கள். மெக்கானிக் வீட்டில் ஜன்னலைக்கூடக் கழற்றிப் போய்விட்டார்கள். எதிரே ஓட்டையாக இருக்கிறது.

எங்கள் வீடு என் பெயரில். தாளையும் மைப்பெட்டியையும் கொண்டுவந்தார்கள். பெருவிரலை முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டேன். "வேற வீட்டைப் பாருங்கப்பா" என்றேன். திரும்பத் திரும்ப வருகிறார்கள். நானும் திரும்பத் திரும்ப அதையே சொல்கிறேன்.

அவர்களை விரட்டுவது பெரிதில்லை. நேற்று மருமகளே பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"வச்சிடுங்க அத்தை."

"நீயுமா?"

"இந்த மண்ணுல உங்களை இருக்கச் சொல்ல எனக்கு மனசு வரலை. போகச் சொல்லவும் வாய் வரலை. எல்லாத்தையும் நான்தானே எழுதினேன்?"

இருந்தால் அவள் கண்டுபிடித்த விஷம். போனால் அவள் கண்டுபிடித்த சுரங்கம். நான் எந்தப் பக்கம் நிற்பது? விரலை வெளியே எடுக்கவில்லை. ஆனால் முன்போல இறுக்கிப் பிடிக்கவும் தெம்பில்லை.

சாயங்காலம் வழக்கம்போல அவள் பெரிய சாலை வரை போய் எனக்குக் குடிதண்ணீர் கேன் சுமந்து வந்தாள். ஆள் இல்லாத தெருவில் அவள் செருப்புச் சத்தம் தனியாகக் கேட்டது. கேனை இறக்கி வைத்துவிட்டு, "நான் அளக்காமலே இருந்திருக்கலாம்" என்றாள்.

கேன் கைப்பிடி அழுந்திய அவள் கையைப் பிடித்துப் பார்த்தேன்.

"கையை உதறு. விரலெல்லாம் வெளுத்துப் போச்சு" என்றேன்.